மூன்று இலக்க ஒழுக்கம்

பொம்மிடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் வாசித்த பிரதிகளில் மிகவும் கடினமானது ஒரு கடன் தகவல் அறிக்கை. என் பழைய மாணவி ஒருத்தி 2024 கோடையில் அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தாள். பி.ஏ. தமிழ் படித்தவள். படிப்பு முடிந்து ஓசூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஒன்றரை வருஷம் விடுதியில் தங்கி வேலை பார்த்தாள். பிறகு அதை விட்டுவிட்டு வங்கித் தேர்வுக்குப் படித்தாள். முதல்நிலை, முதன்மை இரண்டும் தேறி, ஒரு பொதுத்துறை வங்கிக்கு எழுத்தராக ஒதுக்கீடும் வந்துவிட்டது. சேருவதற்கு முன் கொடுக்க வேண்டிய தாள்களின் பட்டியலில் சாதிச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ் ஆகியவற்றோடு சிபில் அறிக்கையும் இருந்தது.

"மேடம், நன்னடத்தை நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவீங்க. இதுக்கு யார்கிட்ட போறது?" என்றாள்.

அவளுடைய எண் 650க்குக் கீழே இருந்தது. அது சும்மா சொல்லப்படும் எண் இல்லை. பொதுத்துறை வங்கிகளுக்கு எழுத்தர்களைத் தேர்ந்தெடுக்கும் வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனம், அதாவது ஐபிபிஎஸ், 2023 ஜூலையில் வெளியிட்ட அறிவிப்பில் அதை எழுதியே வைத்திருந்தது. விண்ணப்பதாரர் நல்ல கடன் வரலாறு பேண வேண்டும். பணியில் சேரும்போது சிபில் மதிப்பெண் குறைந்தது 650 இருக்க வேண்டும். இல்லையென்றால், பாதகமாகத் தெரியும் கணக்குகளில் பாக்கி எதுவுமில்லை என்று கடன் கொடுத்தவரிடமிருந்து தடையில்லாச் சான்று வாங்கிவர வேண்டும். அதுவும் இல்லையென்றால் வேலை தருவதாகச் சொன்ன கடிதம் திரும்பப் பெறப்படலாம். வங்கிக் கணக்கே இல்லாதவர்களுக்கு மட்டும் விலக்கு. (வங்கிக் கணக்கே இல்லாத ஒருத்தி வங்கித் தேர்வுக்கு எப்படிப் பணம் கட்டியிருப்பாள் என்பது வேறு கதை.)

அடுத்து வந்த அறிவிப்பில் 650 என்ற எண் காணாமல்போனது. குறைந்தபட்ச மதிப்பெண் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி என்று வாசகம் மாறியது. எண் போனதால் நிபந்தனை போய்விடவில்லை. முன்பாவது எதற்குக் கீழே இருந்தால் ஆபத்து என்று தெரிந்தது.

இனி அந்த அறிக்கைக்கு வருகிறேன். முதலில் பெயர், பிறந்த தேதி, பாலினம், பான் எண், கைபேசி எண்கள், முகவரிகள். அப்புறம் கணக்குகள். ஒவ்வொரு கணக்கின் கீழும் மாதவாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள், மூன்று வருஷம் வரைக்கும். தவணையை ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் மூன்று சுழியம். தாமதமான மாதத்தில் எத்தனை நாள் தாமதம் என்ற எண்: 030, 061, 092. கடைசியில், யார் யார் எந்தத் தேதியில் இந்த அறிக்கையைக் கேட்டுப் பார்த்தார்கள் என்ற பட்டியல். 300லிருந்து 900 வரைக்குமான ஒற்றை எண் இவை எல்லாவற்றுக்கும் மேலே. கடனே வாங்காதவர்களுக்குச் சுழியம் கிடையாது. 'மைனஸ் 1' என்றோ 'வரலாறு இல்லை' என்றோ வரும். ஐம்பது வருஷம் குடும்பம் நடத்தி, ஒரு கடனும் தன் பேரில் இல்லாத பாட்டி ஒருத்திக்கு வரலாறு இல்லை என்று சொல்லும் ஆவணத்தை நாம் இதற்கு முன்பும் பார்த்திருக்கிறோம்.

என் மாணவியின் அறிக்கையில் இரண்டே கணக்குகள். ஒன்று செல்போன் தவணை, எல்லா மாதமும் சுழியம். இன்னொன்று இருசக்கர வாகனக் கடன். பதினான்கு மாதம் சுழியம், பிறகு 030, 061, 092, 122. அதற்கப்புறம் 'செட்டில்டு' என்று ஒரு சொல்.

அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

வண்டி அண்ணனுடையது. மொரப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போய்வர வாங்கியது. அவன் ஏற்கெனவே செல்போன் செயலிகளில் கடன் வாங்கிக் கட்டாமல் விட்டிருந்ததால் அவன் பேரில் கடன் கிடைக்கவில்லை. ஓசூரில் தங்கைக்குச் சம்பளச் சீட்டு இருந்தது. "பையன் பேரு கெட்டுப்போச்சு மேடம், அதான் புள்ள பேருல போட்டோம்" என்று அவள் அம்மா என்னிடம் சொன்னபோது அதில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. நல்ல பெயர் வீட்டில் யாரிடம் மிச்சமிருக்கிறதோ அதை எடுத்துச் செலவு செய்வதுதானே வழக்கம். அவள் வேலையை விட்டுப் படிக்க உட்கார்ந்தாள். டியூ கட்டுவதாகச் சொன்ன அண்ணன் நான்கு மாதம் கட்டவில்லை. வசூலுக்கு வந்தவர் கடைசியில் ஒரு தொகை சொல்லி, இதைக் கட்டினால் முடிந்தது என்றார். கட்டினார்கள். முடிந்தது என்றே நம்பினார்கள். ஆனால் கடன் பதிவேட்டில் 'க்ளோஸ்டு' வேறு, 'செட்டில்டு' வேறு. முன்னது முழுக்கக் கட்டியது. பின்னது குறைத்துக் கட்டியதை நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அது ஒரு வடுவாக நின்றுவிடும். தமிழில் இரண்டையும் 'கணக்கை முடிச்சாச்சு' என்றுதான் சொல்வோம்.

சங்கப் பாடல் நடத்தும்போது மாணவிகளிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, இது யார் கூற்று என்பது. தலைவி பேசுகிறாளா, தோழியா, செவிலியா? யாரிடம் பேசுகிறாள், யார் காதில் விழ வேண்டும் என்று பேசுகிறாள்? அது தெரியாமல் பாடலின் ஒரு சொல்லுக்கும் பொருள் சொல்ல முடியாது. கடன் தகவல் அறிக்கையில் எனக்குத் தட்டுப்பட்ட முதல் சிக்கலும் இதுதான். தலைப்பில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது. பாலினம் 'பெண்' என்று அச்சிட்டிருக்கிறது. ஆனால் உள்ளே அவள் பேசுவதே இல்லை. பேசுவது கடன் கொடுத்த நிறுவனம். கேட்பது வேலை கொடுக்கப்போகும் நிறுவனம். 061 என்ற எண்ணுக்குப் பின்னால் இருப்பது அண்ணனின் சோம்பலா, அம்மாவின் கர்ப்பப்பை அறுவையா, மரவள்ளிக்கு விலை இல்லாமல் போன ஒரு பருவமா என்று சொல்ல அங்கே கட்டம் கிடையாது. எந்தப் பிரதியும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது, உண்மைதான். ஆனால் இந்தப் பிரதியை வைத்து ஒருத்தியின் குணத்தைத் தீர்மானிக்கிறார்கள்.

பெண்களின் பேரில் கடன் என்பது எங்கள் மாவட்டத்துக்கு வெளியிலிருந்து வந்த சங்கதி இல்லை. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதலில் தொடங்கப்பட்டதே தருமபுரியில்தான். 1989இல், பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. அன்றைக்குக் கிருஷ்ணகிரியும் சேர்ந்த பெரிய மாவட்டம். கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதும், வங்கி மேலாளர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்தக் குழுக்களால்தான். அதைக் குறைத்துச் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் அந்தக் காலத்திலேயே பெண்களைப் பற்றி ஒரு வாக்கியம் உருவாகிவிட்டது: பெண்கள் ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவார்கள். ஏன் கட்டினார்கள்? வெட்கம் அவர்களுக்குத்தான் அதிகம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் கட்ட வேண்டும், தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. சேமிப்பிலிருந்து தொடங்கிய குழுக்கள் இருந்த அதே தெருக்களில், சேமிப்பே கேட்காத தனியார் நுண்கடன் பின்னால் வந்தது. அது தன் தொழிலை இந்த வெட்கத்தின் மேல் கட்டியது. 2010 ஆந்திர நெருக்கடிக்குப் பிறகு அந்தக் கணக்குகளும் கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போகத் தொடங்கின. கட்டாயக் கடன் வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு 2025இல் தனிச் சட்டம் இயற்றியது. இப்போதெல்லாம் மிரட்ட வாசலில் வந்து நிற்கவே வேண்டியதில்லை. "சிபில் போயிடும்மா, பொண்ணு படிப்புக்கு லோன் கிடைக்காது, நாளைக்கு வேலைக்குப் போனாலும் பார்ப்பாங்க" என்று போனில் ஒரு வார்த்தை போதும். அது மிரட்டல்கூட இல்லை, தகவல்.

இந்த வழக்கத்துக்கு நீதிமன்ற ஒப்புதலும் கிடைத்திருக்கிறது. பாரத ஸ்டேட் வங்கி 2020இல் வெளியிட்ட அதிகாரி பணிக்கான அறிவிப்பில், கடனையோ கடன் அட்டை பாக்கியையோ திருப்பிச் செலுத்தாத பதிவு இருப்பவர்களும் சிபில் போன்ற அமைப்புகளின் பாதகமான அறிக்கை இருப்பவர்களும் தகுதியற்றவர்கள் என்று ஒரு விதி இருந்தது. தேர்வெல்லாம் தேறி 2021இல் நியமன ஆணை பெற்ற ஒருவருக்கு, இந்த விதியைக் காட்டி நியமனம் ரத்தானது. அறிவிப்பு வெளிவந்தபோதே பாக்கியை எல்லாம் தீர்த்துவிட்டேன் என்றார் அவர். சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. பொதுமக்கள் பணத்தைக் கையாளுகிறவர்களுக்கு நிதி ஒழுக்கம் வேண்டும். கடனைத் தீர்த்துவிட்டது மட்டும் போதாது, தவறாமல் திருப்பிக் கட்டிய பதிவே தகுதி என்பது தீர்ப்பின் சாரம். எழுதியவர் நீதிபதி என். மாலா. விதி தெரிந்தே விண்ணப்பித்தவர் பிறகு அதை எதிர்க்க முடியாது என்பதில் சட்ட தர்க்கம் இருக்கிறது. நான் விதியோடுதான் வழக்காடுகிறேன்.

இரண்டு விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐபிபிஎஸ் விதி, பாக்கியைத் தீர்த்துச் சான்று கொண்டுவா என்கிறது. ஸ்டேட் வங்கி விதி, தீர்த்தாயா என்பதல்ல கேள்வி, எப்போதாவது தவறினாயா என்கிறது. முன்னது கடனைப் பற்றிய விதி, பின்னது ஆளைப் பற்றிய விதி. என் மாணவி தள்ளுபடியான மிச்சத் தொகை 11,400 ரூபாயை அம்மாவின் கம்மலை அடகு வைத்துக் கட்டினாள். மூன்று வாரம் அலைந்து தடையில்லாச் சான்று வாங்கினாள். வேலையில் சேர்ந்துவிட்டாள். ஆகவே இது சோகக் கதை இல்லை. அதே பெண், அதே அண்ணன், அதே வண்டி. விண்ணப்பித்தது மற்ற அறிவிப்புக்கு என்றால் கம்மலும் போயிருக்கும், வேலையும் போயிருக்கும்.

'நிதி ஒழுக்கம்'. ஆங்கிலத் தீர்ப்பின் சொல்லைச் செய்திகள் தமிழில் தந்தது இப்படித்தான், நாமும் அப்படித்தான் பேசுகிறோம். கட்டுப்பாடு என்றோ ஒழுங்கு என்றோ சொல்லியிருக்கலாம். ஒழுக்கம் என்ற சொல்லை ஒரு பெண்ணின் காதால் கேட்டால் அதில் வேறு வாசனை அடிக்கிறது. அகத்திணையில் அது வெறுமனே நடப்பு, வாழும் முறை. புணர்தலும் பிரிதலும் அங்கே ஒழுக்கம்தான். பின்னாளில் அது பெண்ணைக் காவல் காக்கும் சொல்லாகச் சுருங்கியது. ஒருமுறை தவறினால் தவறியதுதான், எத்தனை சரி செய்தாலும் பழைய நிலை திரும்பாது என்ற கணக்கு நமக்குப் புதிதில்லை. 'நாணயம்' என்றால் காசு, நேர்மையும் அதுதான். 'கடன்' என்றால் வாங்கியது, செய்ய வேண்டியதும் அதுதான். புறநானூற்று 312ஆம் பாடலில் பொன்முடியார் கடன்களைப் பங்கு வைக்கிறார்: தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று, கொல்லனுக்கு, வேந்தனுக்கு, மகனுக்கு. மகள் அந்தப் பட்டியலில் இல்லை. இதை வகுப்பில் பல வருஷம் நடத்தியிருக்கிறேன். அந்த வெற்றிடத்தைக் காட்டி, பெண்ணுக்குப் பொதுவெளியில் கடமை எதுவும் தரப்படவில்லை என்று சொல்வேன். இப்போது அந்தப் பாடலை எடுக்கும்போது வண்டிக்கடன் நினைவுக்கு வந்துவிடுகிறது. பட்டியலில் இடம் இல்லாதவள் பேரில்தான் மற்றவர்களின் கடன் ஏறி உட்கார்கிறது.

வங்கி தரப்பில் சொல்லக்கூடியது ஒன்று உண்டு, அதை நான் லேசாகத் தள்ளவில்லை. கழுத்து நெரியும் அளவுக்குக் கடன் உள்ளவர் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் கை நீளாதா? கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. அப்படி நடக்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டா? 2010இல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலச் சட்டமன்றத்தில் இதே கேள்வி எழுந்தது. கடன் அறிக்கைகளை விற்கும் டிரான்ஸ்யூனியன் நிறுவனத்தின் எரிக் ரோசன்பர்க் அங்கே சாட்சியம் சொன்னார்: ஒருவரின் கடன் அறிக்கையில் இருப்பதற்கும் அவர் வேலைத் திறனுக்கும், மோசடி செய்யும் வாய்ப்புக்கும் புள்ளியியல்படி தொடர்பு காட்டும் ஆய்வு எதுவும் தங்களிடம் இல்லை. விற்கிறவரே சொன்னது. இன்று நம் சிபிலின் முழுப்பெயர் டிரான்ஸ்யூனியன் சிபில். அதே குடும்பம்தான்.

நியூயார்க் நகரம் 2015இல் பெரும்பாலான வேலைகளுக்கு இந்தச் சோதனையைத் தடை செய்தது. அங்கே போகவும் வேண்டாம். கல்விக்கடன் கேட்கும் மாணவரை மதிப்பெண் குறைவு என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் சொன்னது. மாணவர்கள் நாளைய நாட்டைக் கட்டுகிறவர்கள் என்பது அங்கே காரணமாக இருந்தது. படிக்கப் போகும்போது அவளுடைய நாளையைப் பார், பழைய பதிவைப் பார்க்காதே என்கிறது ஒரு நீதிமன்றம். படித்து முடித்து வேலை கேட்கும்போது பழைய பதிவைப் பார் என்கிறது இன்னொன்று. கடனைக் கட்டச் சம்பளம் வேண்டும், சம்பளத்துக்குக் கடன் கட்டியிருக்க வேண்டும் என்ற இந்தச் சுற்றை எங்கள் ஊர்ச் சந்தைக்கு வரும் யாரும் உடனே புரிந்துகொள்வார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வங்கி இங்கே வெறும் முதலாளி இல்லை. கடன் கொடுப்பதும் வங்கிதான், கட்டாததைப் பதிவுக்கு அனுப்புவதும் வங்கிதான், பதிவைப் பார்க்க உரிமை உள்ளதும் வங்கிதான், வேலை கொடுப்பதும் மறுப்பதும் வங்கிதான். கடன் தகவல் நிறுவனங்களுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம் கடன் கொடுப்பதை நெறிப்படுத்த வந்தது. அதே தகவலை ஆள் எடுக்கப் பயன்படுத்தும்போது, விண்ணப்பதாரர் தன் தரப்பைச் சொல்ல வேண்டிய இடம் எது என்று அந்த அறிவிப்புகளில் தேடினேன். 'சான்று கொண்டுவா' என்பதற்கு அப்பால் எதுவும் இல்லை. சான்றும் கடன் கொடுத்தவர் தர வேண்டியதுதான். அப்போதும் பேசுவது அவர்தான்.

நானும் சுத்தமில்லை. அன்று அறிக்கையைப் படித்துவிட்டு நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா உன் பேர்ல வாங்க விட்ட?" என்பது. பெண்ணியம் பேசும் கூட்டங்களுக்குப் போய்வருகிற, அதே தெருவில் வளர்ந்த நான் கேட்டது இது. கேட்ட தொனியில் அந்த விதியின் தொனி அப்படியே இருந்தது: தவறு நடந்திருக்கிறது, உன் பெயரில் இருக்கிறது, ஆகவே உன்னுடையது. அவள் பதில் சொல்லவில்லை. சம்பளச் சீட்டு கையில் இருக்கும் பெண் வீட்டில் 'முடியாது' என்று சொன்னால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாததும் இல்லை. என் முதல் சம்பளம் யார் கைக்குப் போனது என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் நானும் மௌனமாகத்தான் இருந்திருப்பேன்.

அமெரிக்காவின் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு சின்ன வழி வைத்திருக்கிறார்கள். பதிவிலுள்ள தகராறு தீராவிட்டால், சம்பந்தப்பட்டவர் தன் தரப்பைச் சுருக்கமாக எழுதி அறிக்கையோடு சேர்க்கலாம். நிறுவனம் அதை நூறு சொற்களுக்குள் எழுதச் சொல்லலாம். எத்தனை பேர் அதைப் படிக்கிறார்களோ, தெரியவில்லை. ஆனாலும் ஒரு கூற்றுக்கு இடம் இருக்கிறது. வேலையில் சேர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இனிப்போடு வந்தவளிடம் இதைச் சொன்னேன். உனக்கு நூறு சொல் கொடுத்திருந்தால் என்ன எழுதியிருப்பாய் என்று கேட்டு, தாளும் கொடுத்தேன். வாத்தியார் புத்தி.

அவள் உட்கார்ந்து எழுதினாள். கடன் வாங்கிய தேதி, தொகை, பதினான்கு மாதம் கட்டியது, வேலையை விட்டது, நான்கு மாதம் கட்டாமல் போனது, பிறகு முழுத் தொகையும் கட்டியது. 'என்னால் கட்ட இயலவில்லை' என்று எழுதியிருந்தாள். நாற்பது சொற்கூட வரவில்லை. அண்ணன் அதில் எங்கேயும் இல்லை. வண்டி யாருக்கு என்பதும் இல்லை. இன்னும் அறுபது சொல் மிச்சமிருக்கிறதே, அதை ஏன் விட்டாய் என்றேன்.

"அண்ணனுக்குப் பொண்ணு பாக்குறாங்க மேடம்" என்றாள்.